முத்துக்குளித்துறையும் முதல் தமிழ்ச் செபங்களும்

இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறிய மொழி தமிழ் என்பது நாம் பெருமையுடன் கூறும் செய்தி. 1554-இல் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்துகளில் ஒரு தமிழ் நூலும், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே மற்றொன்றும் வெளிவந்தன. இவ்விரண்டும் காவியங்கள் அல்ல. இலக்கண நூல்களும் அல்ல. எளிய மக்கள் இறைவனிடம் பேசுவதற்கான செபங்களையும் அடிப்படை மறைக்கல்வியையும் தாங்கிய சிறு கைந்நூல்கள். அச்சுக்கலை தமிழில் செபத்தோடு தொடங்கிய காரணத்தை முத்துக்குளித்துறையில் காணலாம்.

தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் வாழ்ந்த பரதவர் 1530-களில் பெருந்தொகையினராகக் கிறித்தவம் தழுவினர். ஆயினும் அவர்கள் மொழியில் மறையை எடுத்துரைப்பார் இல்லை. தாங்கள் கிறித்தவர் என்பதற்கு மேல் அவர்கள் ஏதும் அறியார் என்று, 1542-இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார் தம் மடலில் குறித்தார். இருமொழி அறிந்தோரைத் திரட்டிப் பல நாள் உழைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், இயேசு கற்பித்த செபம் ஆகியவற்றை அவர் தமிழாக்கினார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

அம்முயற்சியில் பிழையும் நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற தொடர் அமைந்துவிட்டது. இதனை உணர்ந்த சவேரியார், அத்தொடரை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதினார்.

இது சொற்பிழை மட்டும் அன்று. வேண்டு என்னும் வினை தமிழில் விரும்புதலையும் இரத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. ‘வேண்டுதல்’ என்றாலே இறைவன்முன் வைக்கும் விண்ணப்பம்தான். அன்றாட உணவையும் மன்னிப்பையும் கேட்கும் செபத்திற்கு அது மிகப் பொருந்தும். ஆனால் விசுவாசப் பிரமாணம் கேட்பதன்று. இறைவனை இன்னார் என்று ஏற்று அறிக்கையிடுவது. கேட்பதற்கும் ஏற்பதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மக்கள் மொழியில் தெளிவாக்கிய பின்னரே செபம் அவர்கள் உடைமையாயிற்று.

இவ்வரலாற்றின் அடுத்த களம் நம் மலாக்கா. 1545-இல் இங்கு வந்திறங்கிய சவேரியார், தமிழில் செய்தது போன்றே செபங்களை மலாய் மொழியில் ஆக்கும் பணியில் ஈடுபட்டார். முத்துக்குளித்துறையில் பெற்ற பட்டறிவு இத்துறைமுகத்திலும் பயன்பட்டது.

லிஸ்பன் நூலை உருவாக்கியோர் வின்சென்டே டி நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமே டா குருஸ் என்னும் மூவர். போர்த்துகீசியப் பெயர் தாங்கிய தமிழர்களான இவர்களை நாம் அரிதாகவே நினைவுகூர்கிறோம். கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அண்டிரிக் அடிகளாரின் ஆக்கம். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூல், செவிவழியே பரவிய செபத்தைத் தமிழ் எழுத்தில் நிலைநிறுத்தியது.

இறைவனை விளிக்கும் பெயரும் காலந்தோறும் மாறிற்று. அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான்’ என்றார். தெ நோபிலி ‘சருவேசுரன்’ என்றார். பப்ரிசியுசு ‘பராபரன்’ என்றார். இன்று ‘தேவன்’, ‘கடவுள்’ என்பன வழங்குகின்றன. இச்சொற்கள் பலவும் பிற சமய மரபினரும் போற்றியவை. கிறித்தவம் தமிழில் தனக்கெனத் தனியொரு மொழியைப் படைத்துக்கொள்ளவில்லை. இருந்த மொழிக்குள்ளேயே தன் இறைவனை அழைக்கக் கற்றது.

எனினும் கத்தோலிக்கத் திருப்பலி நெடுங்காலம் இலத்தீனிலேயே நிகழ்ந்தது. சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்திலும் அதுவே மரபு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஏடு தாய்மொழிகளுக்கு வழி திறந்தபின், தமிழ் பலிபீடத்தை எட்டியது. இல்லத்திலும் தெருவிலும் கடலோரத்திலும் மக்கள் நாவில் வாழ்ந்த செபத்தமிழ் அங்கு ஏறுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை அதனைக் காத்தவர்கள், மணியோசை கேட்டுக் கூடிய அச்சிறுவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே.