புட்டியில் அடைக்கும் பதம்: வீட்டு பியரும் ஹைட்ரோமீட்டரும்

முளைகட்டிய பார்லியை (மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாறு, ஈஸ்ட்டால் நொதித்து பியர் ஆகிறது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. நொதித்தல் முடியும் முன்பே புட்டியில் ஊற்றித் தக்கையிட்டால் வாயு வெளியேற வழியில்லாமல் புட்டி வெடிக்கும். நெடுநாள் திறந்த தொட்டியில் விட்டால் காற்றுப் பட்டுப் புளிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கண்டறிவது வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் பழைய சிக்கல். அதற்குத் தீர்வாக அமைந்த கருவி அவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. இங்கிலாந்தில் அது வரி வசூலிப்பவர்களின் கையிலிருந்தும் பெரிய ஆலைகளிலிருந்தும் சுற்றி வளைத்துத்தான் வீட்டுச் சமையலறைக்கு வந்தது.

கண்ணும் காதும்

புட்டியில் அடைத்த பியரின் வேகத்தைப் பற்றி இங்கிலாந்தில் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் லண்டன் புனித பால் தேவாலயத்தின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் நோவெல் மீன்பிடிப்பதில் விருப்பம் உள்ளவர். ஒருமுறை ஆற்றங்கரைப் புல்லில் பியர் புட்டியை மறந்துவிட்டு வந்தார். சில நாள் கழித்துத் திறந்தபோது அது துப்பாக்கி போல் வெடித்ததாம். தாமஸ் ஃபுல்லரின் நூல் (1662) இதைச் சொல்கிறது. புட்டி பியர் பிறந்ததே இப்படித்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறது. நோவெல் 1602இல் இறந்தவர், ஃபுல்லர் எழுதியது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. புட்டி பியரின் பிறப்பை ஒரு மனிதரின் மறதியில் கட்டிவைப்பதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மூடிய புட்டிக்குள் நொதித்தல் தொடரும் என்பதை அக்காலத்தவர் நன்றாக அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்று.

1615இல் வெளிவந்த ஜெர்வஸ் மார்க்கமின் இல்லத்தரசிகளுக்கான நூல், பியரைக் குறுகிய வாயுள்ள உருண்டைப் புட்டிகளில் ஊற்றித் தக்கையைக் கயிற்றால் இறுகக் கட்டச் சொல்கிறது. அதே ஆண்டு, கப்பல் கட்டுவதற்கான மரத்தைக் காக்க, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை மன்னர் முதலாம் ஜேம்ஸ் தடை செய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. கரியின் கூடுதல் வெப்பத்தில் தடித்த, வலுவான புட்டிகள் பின்னர் உருவாயின. அதற்கு முன் இருந்த மெல்லிய புட்டிகள் சிறிய தவறையும் தாங்கமாட்டா.

அன்று பதம் பார்த்தது புலன்களால். நுரை எழுந்து அடங்குவதைப் பார்த்தார்கள். பீப்பாயின் துளையருகே காது வைத்துச் சீறல் கேட்கிறதா என்று கவனித்தார்கள். பியர் தெளிந்துவிட்டதா என்று விளக்கொளியில் நோக்கினார்கள், இனிப்பு குறைந்துள்ளதா என்று நாவில் வைத்தார்கள். நம் வீடுகளில் பாகின் கம்பிப் பதத்தை விரலிடையே பார்ப்பது போன்ற அறிவுதான் இது. சந்தேகம் இருந்தால் புட்டிகளை நிரப்பி ஓர் இரவு தக்கையில்லாமல் விட்டு மறுநாள் அடைப்பார்கள். இம்முறைகளை எளிதில் தள்ளிவிட முடியாது. பல தலைமுறைகள் இவற்றைக் கொண்டே நல்ல பியர் காய்ச்சின. ஆயினும் ஒரு குறை உண்டு. குளிரில் ஈஸ்ட் உறங்கிப்போனாலும் நுரை அடங்கும், சீறல் நிற்கும், பியர் தெளியும். உறங்குவதையும் வேலை முடிந்ததையும் காதால் பிரித்தறிய இயலாது. குளிர்காலத்தில் அடைத்த புட்டிகள் வெயில் வந்ததும் வெடித்தது இதனால்தான்.

வரிக் கருவி

திரவத்தில் மிதக்கும் தண்டு எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதைக் கொண்டு அடர்த்தியை அறியும் கருவி ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்துள்ளதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரும் இதே வகைதான். கருத்து மிகப் பழையது: கி.பி. 400ஐ ஒட்டி சைரீனைச் சேர்ந்த சினேசியஸ், அலெக்சாந்திரியாவின் அறிஞர் ஹைப்பேஷியாவிடம் இத்தகைய கருவி ஒன்றைக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. இங்கிலாந்தில் இது பரவியது மதுவரியால். சாராயத்தின் வலிமைக்கேற்ப வரி விதிக்கக் கலால் துறைக்கு அளவு தேவைப்பட்டது. ஜான் கிளார்க்கின் ஹைட்ரோமீட்டரைச் சட்டம் 1787இல் ஏற்றது. பின்னர் பார்த்தலோமியு சைக்ஸின் கருவி அதன் இடத்தைப் பிடித்தது.

இதை பியருக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஹாம்ப்ஷயர் ஆல்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக். அவர் தந்தையும் பியர் காய்ச்சுபவர், புதுமைகளை வெறுத்தவர். மகன் வெப்பமானியையே அவர் கண்ணில் படாமல் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1768இல் பேவர்ஸ்டாக் ஒரு ஹைட்ரோமீட்டரை வாங்கிச் சோதனைகள் செய்து, லண்டனின் பெரும் ஆலை அதிபர் சாமுவேல் விட்பிரெடிடம் எடுத்துச் சென்றார். ஊருக்குப் போய்ப் பிழைப்பைப் பார்க்கும்படி அறிவுரை சொல்லி விட்பிரெட் அனுப்பிவிட்டதாகக் குடும்பக் குறிப்பு கூறுகிறது. மற்றொரு ஆலை அதிபரான ஹென்றி திரேல் காதுகொடுத்தார். விட்பிரெடைப் பழிப்பது எளிது. ஆனால் பெரும் ஆலையைக் கட்டியெழுப்பியவருக்கு, இளைஞர் ஒருவர் நீட்டும் மிதவை விளையாட்டுப் பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஹல் நகரின் ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூல் நிலைமையை மாற்றியது. சர்க்கரையை அளக்கும் இக்கருவிக்கு அவர் சாக்கரோமீட்டர் என்று பெயரிட்டு, ஒரு பீப்பாய்ச் சாறு அதே அளவு தண்ணீரைவிட எத்தனை பவுண்டு கூடுதல் எடை என்று அளந்தார். மலிவான கருமால்ட்டைவிட வெளிர்மால்ட்டில் மிக அதிகச் சத்து கிடைப்பது இக்கணக்கால் வெளிப்பட்டது. ஆலைகள் இதற்காகவே கருவியை வாங்கின. புட்டி அடைப்பவருக்கோ வேறொன்று முக்கியம். ரிச்சர்ட்சன் நொதிக்கும் முன்னும் பின்னும் அளந்தார். எவ்வளவு சர்க்கரை போயிற்று, எவ்வளவு எஞ்சியது என்பது முதன்முறையாக எண்ணாக எழுதப்பட்டது.

எண் சொல்வது

தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000. நடுத்தர பியரின் சாறு 1.040 முதல் 1.050 வரை இருக்கும், நொதித்தபின் 1.010 அளவுக்கு இறங்கும். பூச்சியம் வரை இறங்காததற்குக் காரணம் ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்கள். ஒரு லிட்டர் பியரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். அது சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. 1.010இல் நிற்க வேண்டிய பியரை 1.014இல் அடைத்தால் லிட்டருக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரை எஞ்சியிருக்கும். பியரில் கரைந்துள்ள வாயுவோடும், நுரைக்காக வேண்டுமென்றே சேர்க்கும் சர்க்கரையின் வாயுவோடும் இன்னும் இரண்டு மடங்கு வாயு சேர்ந்தால் சாதாரணப் புட்டி தாங்காது. நான்கு சிறு கோடுகள்தான் வேறுபாடு. அவற்றை நாக்கு காட்டாது.

சமையலறைக்கு வந்த வழி

1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தியை வைத்து வரி விதித்தார். ஹைட்ரோமீட்டர் ஆலைகளில் நிலைபெற்றது. அதே சட்டத்தால் வீட்டில் காய்ச்சுபவருக்கு உரிமம் கட்டாயமாயிற்று. மால்ட் வரி ஏற்கெனவே குடிசைகளில் பியர் காய்ச்சலை நலியச் செய்திருந்தது. வில்லியம் காபெட் 1820களின் தொடக்கத்திலேயே, ஏழைகள் தேநீரை விட்டு மீண்டும் பியர் காய்ச்ச வேண்டும் என்று புத்தகமே எழுதினார். அளவு சொல்லும் கருவி மலிந்த காலத்தில், அது மிகவும் தேவைப்பட்டவர்கள் காய்ச்சுவதை விட்டிருந்தார்கள்.

1963 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் இந்த உரிமத்தை நீக்கியபின் பிரிட்டனில் வீட்டு பியர் மீண்டும் பெருகியது. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் மால்ட் பாகு வாங்கிக் கள்ளத்தனமாகக் காய்ச்சியவர்களின் நிலவறைகளில் புட்டிகள் வெடித்தன. அங்கு வீட்டு பியர் கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதி பெற்றது ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டத்தால். பாட்டியிடம் கற்றவர்கள் இப்போது இல்லை. புதியவர்கள் டேவ் லைன் (1974) போன்றோரின் நூல்களிலிருந்து கற்றார்கள். கண்ணாடி மிதவை அவர்களது முதல் ஆசான் ஆனது.

இன்றும் பின்பற்றப்படும் விதி எளியது: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால், அதுவும் எதிர்பார்த்த எண்ணுக்கு அருகில் இருந்தால், அடைக்கலாம். தொட்டி மூடியில் குமிழி வருவது நின்றது சான்றாகாது. மூடி கசிந்தாலும் குமிழி நிற்கும். அளக்கும்போது வாயுக் குமிழிகள் மிதவையில் ஒட்டினால் அது உயர்ந்து நின்று அளவைக் கூட்டிக் காட்டும், சூடான சாறு குறைத்துக் காட்டும். சூட்டினால் வரும் தவறே ஆபத்தானது, முடியாததை முடிந்ததாக்கிவிடும்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. 1952இல் ஆண்ட்ரூஸ், கில்லிலாண்ட் ஆகியோர் விவரித்த டயஸ்டாட்டிகஸ் என்னும் ஈஸ்ட், டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்து மெதுவாக உண்ணும். மூன்று நாள் அசையாத எண் மூன்று வாரத்தில் இறங்கியிருக்கும். ஐயமுள்ளவர்கள் சிறிதளவு சாற்றைத் தனியே எடுத்து, ஈஸ்ட்டை அதிகமாகச் சேர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் முழுவதும் நொதிக்க விடுகிறார்கள். அந்தக் குவளை எந்த எண்ணில் நிற்கிறதோ, தொட்டியும் அந்த எண்ணுக்கு வரும் வரை காத்திருக்கிறார்கள்.