விலாக்கீழ் வலி

விலாக்கீழ் வலி என்பது விலா எலும்புக்கூட்டின் கீழ் விளிம்பை ஒட்டி, வயிற்றின் மேற்பகுதியில் தோன்றும் வலியாகும். இது ஒரு தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. பேச்சுவழக்கில் இதனை வாயுப்பிடிப்பு என்று கூறிவிடுவதுண்டு. விட்டுவிட்டு மீண்டும் வரும் வலியின் இடம், தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், பரவும் திசை ஆகியவை காரணத்தை அறிய உதவுகின்றன.

உடற்கூறு

மனிதருக்கு 12 இணை விலா எலும்புகள் உள்ளன. இவற்றின் கீழ்ப்பகுதி வயிற்றின் மேல் உறுப்புகளையும் மூடிக் காக்கிறது. வலப்புறம் கல்லீரலும் பித்தப்பையும், நடுவில் இரைப்பையும் கணையமும், இடப்புறம் மண்ணீரலும், பின்புறம் சிறுநீரகங்களும் அமைந்துள்ளன.

வலப்புற வலி

பித்தக்கற்கள் இதற்கு முக்கியமான காரணமாகும். கல் பித்தப்பையின் வாயிலை அடைக்கும்போது வலி உண்டாகிறது. பெரும்பாலும் கொழுப்பு மிக்க உணவிற்குப் பின்போ இரவிலோ தொடங்கி, அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்து, கல் விலகியதும் தணிகிறது. வலது தோள்பட்டைக்கும் பரவலாம். வலி 6 மணி நேரத்திற்கு மேல் நீடித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியாக இருக்கக்கூடும். கல்லீரல் அழற்சி, கல்லீரல் சீழ்க்கட்டி ஆகியவற்றாலும் இப்பகுதியில் வலி ஏற்படும்.

நடுப்பகுதி வலி

இரைப்பைப் புண், முன்சிறுகுடற் புண் ஆகியவை எரிச்சலுடன் கூடிய வலியைத் தருகின்றன. இவற்றுக்கு எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளும் முதன்மைக் காரணங்கள். இப்பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோருக்கு 2005 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கணைய அழற்சியின் வலி முதுகிற்குப் பரவும்; முன்புறம் குனிந்தால் சற்றுத் தணியும்.

இடப்புற வலியும் பின்புற வலியும்

மலேரியா முதலிய நோய்களில் மண்ணீரல் வீங்கும்போது இடப்புறத்தில் வலி தோன்றலாம். பெருங்குடலின் இடது வளைவில் வாயு தேங்குவதும் வலி தரும். சிறுநீரகக் கல்லின் வலி இடுப்பின் பின்புறம் தொடங்கி, அடிவயிற்றை நோக்கி அலையலையாக இறங்கும்.

விலாச்சுவரும் மார்பும்

8, 9, 10 ஆம் விலாக்களின் குருத்தெலும்பு இணைப்பு தளர்ந்தால், அவை நழுவி நரம்பை உறுத்தும். குனியும்போதும் திரும்பும்போதும் இவ்வலி மிகும். அக்கி நோயில் கொப்புளங்கள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே ஒருபுறத்தில் பட்டை போல வலி ஏற்படலாம். மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி, நுரையீரல் உறை அழற்சியைக் குறிக்கலாம்.

மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே வெளிப்படும். பெண்கள், முதியோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரிடம் நெஞ்சுவலி இன்றியும் மாரடைப்பு ஏற்படலாம் என்பதால், அதனை வாயுத்தொல்லை எனக் கருதிக் காலந்தாழ்த்துவது ஆபத்தானது.

கண்டறிதல்

குருதிச் சோதனை, மீயொலிச் சோதனை, இரைப்பை அகநோக்கல், இதய மின்னலை வரைவு ஆகியவை தேவைக்கேற்பச் செய்யப்படுகின்றன. பித்தக்கற்களைக் காண மீயொலிச் சோதனையே முதலில் பயன்படுகிறது.

உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலைகள்

- வலியுடன் வியர்வை, மூச்சுத்திணறல், அல்லது கை, தாடைக்குப் பரவும் வலி
- காய்ச்சலும் நடுக்கமும், அல்லது மஞ்சள் காமாலை
- இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கரிய மலம்
- திடீரெனத் தோன்றி வயிறு இறுகும் கடும் வலி
- விபத்தில் விலாப்பகுதியில் அடிபட்ட பின் வரும் வலி