பாண்டி எல்லையும் ஒரு பிரவுனிங் பிஸ்டலும்

கம்ப்யூட்டர்ல துப்பாக்கி கேம் ஆடுறவங்களுக்குத் தெரியும். கையில இருக்கிற காசுக்கு ஒரு பிஸ்டல், மிச்சக் காசுக்கு ஒரு சைலன்சர், இன்னும் கொஞ்சம் இருந்தா நல்ல கைப்பிடி. ரெண்டு பட்டன் தட்டினா ஆச்சு. நிஜ வரலாறு அப்படி இல்லீங்க. நம்ம கடலூர்ப் பக்கத்துக் கதையை எடுத்துப் பார்த்தா, யார் கையில எந்தத் துப்பாக்கி இருக்கணும்னு வாங்குறவனோட பர்ஸ் தனியா முடிவு பண்ணவே இல்லை. சட்டமும் எல்லைக்கோடும்தான் முடிவு பண்ணியிருக்கு.

முதல்ல தேவனாம்பட்டினம். 1746-ல சென்னையை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சப்போ, ராபர்ட் கிளைவ் மாறுவேஷத்துல தப்பிச்சு இங்கே இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தார். சீட்டாட்டத்துல ஏமாத்தினான்னு ஒரு அதிகாரியோட தகராறு, பிஸ்டல் சண்டையில போய் முடிஞ்சதுன்னு அவரோட வாழ்க்கை வரலாறுகள்ல ஒரு கதை உண்டு. கிளைவ் சுட்டது குறி தப்பிடுச்சு. எதிராளி பிஸ்டலைத் தலையில வெச்சு "சொன்னதை வாபஸ் வாங்கு"ன்னு கேட்டும் கிளைவ் மசியலையாம். அந்தக் காலத்து பிஸ்டல்ல ஒரு குண்டுதான். சுட்ட பிறகு மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால இடிக்கணும். மருந்துக் குடுவை, இடிக்கிற கம்பி, குண்டு வார்க்கிற அச்சு, இதெல்லாம்தான் அன்றைய அக்சசரி. வசதி இருந்தா கைப்பிடியில வெள்ளி வேலைப்பாடு.

அடுத்து 1878. லிட்டன் வைஸ்ராயா இருந்தப்போ ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு அதுல விலக்கு. காசு இருக்கா இல்லையாங்கிறது அப்புறம், தோல் என்ன நிறம்ங்கிறதுதான் முதல் கேள்வி!

ஆனா கடலூர்லேர்ந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனா புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆட்சி, இந்தச் சட்டம் செல்லாது. சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்ச எங்க செட்டுக்கு முள்ளோடை தாண்டினா எது சல்லிசுன்னு சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி அதே எல்லையைத் தாண்டி வந்தது வேற சரக்கு.

வ.வே.சு. ஐயர் 1910-ல புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதுக்கு முந்தின வருஷமே லண்டன் இந்தியா ஹவுஸ்லேர்ந்து 20 பிரவுனிங் பிஸ்டல்கள் பெட்டியோட கள்ள அடித்தட்டுக்குள்ள மறைஞ்சு பம்பாய்க்கு வந்திருந்தது. அதுல ஒண்ணாலதான் 1909 டிசம்பர் 21-ல நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைச்சு, பெல்ஜியத்துல தயாரான பிஸ்டல் அது. 1900-ம் வருஷ மாடல்ல மேகசின்ல 7 குண்டு போகும், சட்டைக்குள்ள மறைச்சு வெக்கிற சைஸ்.

செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில இருந்ததும் பெல்ஜியம் பிரவுனிங்தான். அதுக்கு எந்த அலங்காரமும் கிடையாது. கடத்தி வர்ற பொருள்ல இது வேணும் அது வேணும்னு கேக்க முடியுமா? துப்பாக்கியை மாத்த முடியாதவங்க கையைப் பழக்கினாங்க. வாஞ்சிக்குப் புதுச்சேரியில சுடப் பயிற்சி கொடுத்தவர் ஐயர்தான்னு சொல்லப்படுது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கொடைக்கானலுக்குக் கிளம்பிய திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவி பக்கத்துல இருக்கும்போதே ரயில் பெட்டியில சுடப்பட்டார். வாஞ்சியும் அங்கேயே உயிரை விட்டார். வழக்குல 14 பேர், நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம். ஐயர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததால அவரைத் தொட முடியலை.

எல்லையோட மகிமை 1918 நவம்பர் 20-ல இன்னும் நல்லா தெரிஞ்சது. பாரதியார் புதுச்சேரியை விட்டு இந்தப் பக்கம் வந்ததும் கைது, கடலூர் ஜெயில். அவர்கிட்ட இருந்தது பேனா மட்டும்தான்.

இப்போ இருக்கிறது 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம். சத்தத்தைக் குறைக்கிற சைலன்சரையே அது துப்பாக்கின்னுதான் கணக்குல எடுத்துக்குது. குழலை வெட்டிக் குட்டையாக்கணும்னா அதுக்குத் தனி லைசென்ஸ் (6-வது பிரிவு). 9 எம்.எம். பிஸ்டல் சாதாரண ஆளுக்குக் கிடையாது, .32 தான். இஷாப்பூர் தொழிற்சாலையோட 'அஷானி' பிஸ்டல்ல போடுற .32 தோட்டா, அந்த 1900 பிரவுனிங்குக்காகவே உருவான 7.65 எம்.எம். தோட்டாதான்! பட்ஜெட் விஷயம்? 2014-ல கான்பூர்ல பெண்களுக்குன்னு வந்த 'நிர்பீக்' ரிவால்வர் அரை கிலோ எடை, விலை சுமார் 1.22 லட்சம். கூடவே நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் டப்பா.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு கேக்கிற நண்பர்கள் 1878 சட்டத்தைத்தான் உதாரணம் காட்டுவாங்க. வெள்ளைக்காரன் வெச்ச பூட்டு, நாம ஏன் தொடரணும்னு. எனக்கு அப்படித் தோணலை. அந்தப் பூட்டுல அநியாயம் என்னன்னா, பாதிப் பேருக்குச் சாவியைக் கொடுத்து மீதிப் பேரை வெளிய நிறுத்தினது. எல்லாருக்கும் ஒரே பூட்டுன்னா அது வேற சமாசாரம். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இன்னிக்கு லைசென்ஸ் கேட்டு நிக்கிறவன்கிட்ட சட்டப்படி கேக்க வேண்டிய கேள்வி "எதுக்கு?"ங்கிறது. "நீ யாரு?"ங்கிற பழைய கேள்வி அந்த வாசல்ல மறுபடி தலைகாட்டினா, அப்போ சொல்லுங்க, நானும் சேர்ந்து கத்துறேன்.