பிளேடு முதல் மவுஸ் வரை: ஒலிப்பதிவு கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

(மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல், 2006-2010)

தலைப்பில் பிளேடு என்றதும் "ஆஹா, இவன் பிளேடு போட ஆரம்பிச்சிட்டான்டா" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இது நிஜமான சவரப் பிளேடு!

மலர்க் குழுவினர், "உங்க துறையைப் பத்தி ஜூனியர்களுக்குப் பயன்படுற மாதிரி ஒரு கட்டுரை கொடுங்க" என்று கேட்டார்கள. ஒலிக் கருவிகளுக்கு ஸாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். எழுத உட்கார்ந்தால் வரலாற்றோடு சேர்ந்து நான் செய்த ஒரு தப்பும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிளேடு காலம்

காந்த நாடாவில் பாட்டைப் பதிவு செய்த நாட்களில் எடிட்டிங் என்பது கிட்டத்தட்டத் தையல் வேலை. முதல் டேக்கில் பல்லவி நன்றாக இருக்கும், மூன்றாவது டேக்கில் சரணம் நன்றாக இருக்கும். இரண்டையும் சேர்க்க வேண்டுமா? ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, வெட்ட வேண்டிய இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் கோடு போட வேண்டும். பிறகு பள்ளம் செதுக்கிய உலோகக் கட்டையில் நாடாவைப் பதித்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்ட வேண்டும். ஏன் சாய்வாக? நேராக வெட்டினால் இணைப்பில் "டக்" என்று கேட்கலாம். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் தேயத் தேய அடுத்தது வளரும்.

தப்பாக வெட்டினால்கூட மறுபடி ஒட்டிப் பார்க்கலாம். அழித்துவிட்டால்? போனது போனதுதான்.

அழிந்துபோன பதினெட்டரை நிமிடம்

இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் நிக்ஸன் சிக்கிக்கொண்ட வாட்டர்கேட் வழக்கில், 1972 ஜூன் 20 அன்று பதிவான உரையாடல் நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை. வெறும் "உம்ம்..." என்ற இரைச்சல். நீதிபதி சிரிகா ஆறு நிபுணர்களிடம் நாடாவைக் கொடுத்தார். அழிக்கும் முனை தொடங்கி நின்ற ஒவ்வொரு இடத்திலும் காந்தத் தடம் விட்டிருந்தது. குறைந்தது ஐந்து முறை, தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று 1974ல் அவர்கள் சொன்னார்கள். எத்தனை முறை அழித்தார்கள் என்று சொல்ல முடிந்தது. என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியவில்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் புதிய கருவிகளை வைத்து மீண்டும் முயன்று, முடியாது என்று 2003ல் கைவிட்டது.

அந்த ஆறு பேரில் ஒருவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். நம்மைப் போல எலெக்ட்ரிகல்காரர். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில், அறையளவு பெரிய டி.எக்ஸ்-0 கம்ப்யூட்டரில் ஒலியை எண்களாக்கிப் பதிந்து பார்த்தவர். பின்னர் யூட்டா பல்கலைக்கழகம் போனார். புனல் வைத்துப் பதிவு செய்த பழைய காலத்து ஓபரா பாடகர் கரூஸோவின் குரலில், அந்தப் புனல் சேர்த்த தகர ஓசையைக் கணக்குப் போட்டே நீக்கினார். அது 1976ல் இசைத்தட்டாகவும் வந்தது.

1975ல் சால்ட் லேக் சிட்டியில் அவர் தொடங்கிய நிறுவனம் சவுண்ட்ஸ்ட்ரீம். 16 பிட் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி செய்தார்கள். அதைவிட முக்கியம், பதிந்ததைப் பி.டி.பி.-11/60 கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் ஏற்றி, அலையைத் திரையில் பார்த்து எடிட் செய்தார்கள். பிளேடின் சாய்வு வெட்டு இங்கே ஒரு பெருக்கல் கணக்காகிவிட்டது. இன்று மவுஸால் நாம் இழுக்கும் "கிராஸ்ஃபேட்" அதுதான்.

இந்த வழியில் வளர்ந்த கருவிகளின் அடிப்படை ஒன்றே. வெட்டு என்பது வெட்டு அல்ல. "இங்கிருந்து இதுவரை வாசி, பிறகு அங்கே தாவு" என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். மூலப் பதிவு டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். ஆயிரம் முறை மனம் மாறலாம்!

16 பிட் எதற்கு? பிட் ஒன்றுக்குச் சுமார் 6 டெசிபல் என்று நம்ம சார் போர்டில் எழுதிப் போட்டது நினைவிருக்கிறதா? 16 பிட்டுக்கு 96 டெசிபல். கிசுகிசுப்புக்கும் பீரங்கிக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கும். பீரங்கி என்பது உவமை இல்லை. சவுண்ட்ஸ்ட்ரீம் கருவியில் பதிவாகி 1979ல் டெலார்க் நிறுவனம் வெளியிட்ட சைகோவ்ஸ்கியின் "1812" இசைத்தட்டில் உண்மையான பீரங்கி வெடிச் சத்தம் இருந்தது. ஸ்பீக்கர் ஜாக்கிரதை என்று அட்டையிலேயே எச்சரித்தார்கள். மெல்லியது மெல்லியதாகவும் உரத்தது உரத்ததாகவும் கேட்கும்; டிஜிட்டல் கொடுத்த முதல் வாக்குறுதி இதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வைவாவுக்கு ஒரு கேள்வி

சி.டி.யின் வேகம் ஏன் நொடிக்கு 44,100 மாதிரி? 40,000 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா? ஜூனியர்களே, நைக்விஸ்ட் என்று பாதி பதில் சொல்லித் தப்பிக்காதீர்கள். மீதி பதில் வீடியோ கேஸட்டில் இருக்கிறது. 1970களின் கடைசியில் இவ்வளவு எண்களைக் கொள்ளக்கூடிய, கைக்கு எட்டும் விலைச் சாதனம் வீடியோ ரெக்கார்டர்தான். ஸோனி அதன் படக் கோடுகளில் எண்களை எழுதியது. அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு கோட்டுக்கு 3 மாதிரி, 245 கோடு, நொடிக்கு 60 புலம். பெருக்குங்கள்: 44,100. ஐரோப்பிய முறையில் 3 x 294 x 50. அதுவும் 44,100! 1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்தது.

ஸ்டாக்ஹாமின் சவுண்ட்ஸ்ட்ரீம் 50,000 மாதிரியில் வேலை செய்தது. 1980களின் முதல் பாதியிலேயே அந்த நிறுவனம் முடிந்துபோனது. சரியான யோசனை இருந்தும் சீக்கிரம் வந்துவிட்டவர்களுக்கு நேர்கிற கதிதான். பிற்பாடு கிராமி, எம்மி, ஆஸ்கர் என்று தொழில்நுட்ப விருதுகள் அவரைத் தேடி வந்தன. 2004ல் காலமானார்.

மேசைக்கு வந்த ஸ்டுடியோ

சவுண்ட்ஸ்ட்ரீமின் யோசனை சாதாரண மேசைக்கு வர ஏன் தாமதம்? கணக்குப் போடுவோம். 16 பிட், 44,100, இரண்டு சேனல். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். 1983ல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யின் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 10 மெகாபைட். ஒரு பல்லவி போட்டால் டிஸ்க் ஃபுல்!

அந்த நிலைமையில் கலிஃபோர்னியாவில் பீட்டர் காட்சர், ஈவன் புரூக்ஸ் என்று பெர்க்லியில் படித்த இருவர் டிரம் ஒலிச் சில்லுகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒலியைத் திருத்த மெக்கின்டாஷில் ஒரு ஸாஃப்ட்வேர் எழுதினார்கள். 1985ல் அதையே "சவுண்ட் டிசைனர்" என்று விற்றார்கள். 1989ல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு டிராக் பதியும் "சவுண்ட் டூல்ஸ்". 1991ல் நான்கு டிராக்கோடு "புரோ டூல்ஸ்", விலை சுமார் 6,000 டாலர். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் 1996ல் வி.எஸ்.டி. என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. தனியாகக் கார்டு எதுவும் வாங்காமல், கம்ப்யூட்டரின் சொந்த பிராசஸரே எதிரொலியும் ஈக்வலைசரும் கணக்குப் போட்டுத் தந்தது. அறை நிறைய இருந்த ஸ்டுடியோ ஒரு பெட்டிக்குள் வந்தது. கொஞ்ச காலத்தில் நம்ம ஹாஸ்டல் அறைக்கும் வந்தது.

எல்லாம் உரக்க, எப்போதும் உரக்க

இப்போது மாஸ்டரிங்கிற்கு வருவோம். பாட்டு அச்சுக்குப் போகும் முன் போடுகிற கடைசி மெருகு அது. 1994ல் இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் "எல்1" என்ற லிமிட்டரை ஸாஃப்ட்வேராகக் கொண்டுவந்தது. அருமையான பொறியியல். ஒலியைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் தாமதப்படுத்தி, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து, அது வந்து சேர்வதற்குள் அளவைக் குறைத்துவிடும். வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்து பிரேக் போடும் நல்ல டிரைவர் மாதிரி. உச்சங்கள் அடங்கியதும் மொத்தப் பாட்டையும் மேலே தூக்கலாம். ஒரு ஸ்லைடரை இழுத்தால் போதும்.

இழுத்தார்கள். இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது நம்பும். அளவு குறைந்தால் தாழ்ந்த ஒலிகளைக் காது சரியாகப் பிடிப்பதில்லை என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆக, அவன் ஆல்பத்தைவிட என் ஆல்பம் உரக்க என்று ஒரு போட்டி. 96 டெசிபல் இடம் இருந்தும், எல்லாரும் கடைசிச் சில டெசிபலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். காலியான பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி! 2008ல் மெட்டாலிகாவின் "டெத் மேக்னெட்டிக்" வந்தபோது, அதே பாட்டுகள் வீடியோ கேமில் இவ்வளவு நசுங்காமல் கேட்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யுங்கள் என்று ஆயிரக்கணக்கில் மனுப் போட்டார்கள்.

மருந்தும் ஒரு கணக்காகவே வந்தது. காது உணரும் சத்தத்தை அளக்க 2006ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ்.1770 என்ற அளவுமுறையை வெளியிட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ல் ஆர்128 மூலம் அதை நடைமுறையாக்கியது. இன்று இணைய இசைச் சேவைகள் பலவும் எல்லாப் பாட்டையும் இப்படி அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. நீங்கள் எவ்வளவு உரக்கச் செய்தாலும் அவர்கள் குறைத்துவிடுவார்கள். நசுக்கிய பாட்டு நசுங்கியதாக மட்டும் மிஞ்சும்.

என் தப்பு

இப்போது அந்தக் கதை. 2010 பிரிவுபசார விழா, திறந்தவெளி அரங்கம். நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளராக இருந்த ஐயாவைப் பழைய சினிமாப் பாட்டு ஒன்று பாடச் சொன்னோம். பாதிப் பேருக்குக் காதில் விழாத அளவு மெதுவாகத் தொடங்கி, சரணத்தில்தான் குரலைத் திறந்தார். அரங்கமே எழுந்து நின்றது. மிக்ஸரிலிருந்து லேப்டாப்பில் பதிந்தவன் நான்.

அன்றிரவே ஸ்லைடரை இழுத்தேன். செல்போனில் "கும்"மென்று கேட்க வேண்டாமா? எம்.பி.3 ஆக்கி எல்லாருக்கும் கொடுத்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்று மூலப் பதிவை அழித்தேன். எதையும் அழிக்காமல் எடிட் செய்ய வேண்டும் என்பதற்காகவே பிறந்த கருவியில் உட்கார்ந்துகொண்டு!

சில வருடம் கழித்து ஐயா காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகளுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்பா குரல்தான் அண்ணா... ஆனா அப்பா இப்படிக் கத்திப் பாட மாட்டாரே?" என்றது அந்தப் பெண். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த மெல்லிய தொடக்கத்தை நானே மேலே தூக்கி, சரணத்துக்குச் சமமாக்கி வைத்திருந்தேன். இப்போது அது என் தொழிலே. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். நசுக்கியதை நிமிர்த்த முடியவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இருக்கும் கருவி நாங்கள் படித்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு பெரியது. ஒன்றே ஒன்று செய்யுங்கள். மூலப் பதிவை மட்டும் அழிக்காதீர்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறொருவரிடம்.

என் செட் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுநாள் காலை காலி செய்கிற அவசரத்தில் யாரோ ஒருவர் என் லேப்டாப்பிலிருந்து அந்தப் பெரிய ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துப் போன மாதிரி ஒரு ஞாபகம். யாரென்று தெரியவில்லை. பரணில், பழைய கம்ப்யூட்டரில், எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கிடைத்தால் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். ஐயா வீட்டுக்கு நானே எடுத்துப் போகிறேன், ஒரு ஸ்லைடரையும் தொடாமல்.