சோனி தொடங்கினப்போ கையில ஒரு பொருள்கூட இல்லை

"ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போறேன்" என்று யாராவது சொன்னால், நம்ம வாயில் வருகிற முதல் கேள்வி, "என்ன ப்ராடக்ட்?" என்பதுதான். ரெண்டாவது கேள்வி, "யார் காசு போடுறாங்க?" 1946-ல டோக்கியோவில் தொடங்கின ஒரு கம்பெனியிடம் முதல் கேள்விக்குப் பதிலே இல்லை. அதோட கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

1945 ஆகஸ்ட்டில் போர் முடிகிறது. டோக்கியோவில் பாதி ஊர் எரிஞ்சு கிடக்கு. ஷிரோகியா என்ற பெரிய கடையின் கட்டடத்தில், மூணாவது மாடியில், மசாரு இபுகா என்ற எஞ்சினியர் சில ஆட்களோடு ரேடியோ பழுது பார்க்கிறார். போர்க்காலத்தில் ஜப்பான் மக்கள் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்கத் தடை இருந்தது. இப்போ உலகச் செய்தி கேட்க எல்லாருக்கும் ஆசை. இபுகா ஒரு சின்னக் கருவி செய்கிறார். அதைப் பழைய ரேடியோவில் மாட்டினால் சிற்றலை கேட்கும். அசாஹி பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு குட்டிச் செய்தி வருகிறது.

அந்தச் செய்தியை நகோயா பக்கம் ஒருத்தர் படிக்கிறார். அகியோ மொரிட்டா, வயசு 24, இயற்பியல் படிச்சவர், கடற்படையில் இருந்தவர். போர்க்கால ஆராய்ச்சிக் குழு ஒன்றில் இபுகாவை ஏற்கெனவே தெரியும். உடனே கடிதம் போடுகிறார்.

1946 ஜனவரியில் இபுகா கம்பெனியின் நோக்க அறிக்கையை எழுதுகிறார். நான் வியந்தது இதைப் பார்த்துத்தான். எந்தப் பொருளை விற்று எவ்வளவு சம்பாதிப்போம் என்பதிலிருந்து அது தொடங்கவில்லை. எஞ்சினியர்கள் மனசுக்குப் பிடிச்ச வேலையை, சுதந்திரமா, முழுத் திறமையோட செய்ய ஓர் இடம் வேணும் என்பதுதான் முதல் நோக்கம். லாபத்துக்காகத் தேவையில்லாமல் பெருசாக மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்.

மே மாதம் கம்பெனி பதிவாகிறது. முதலீடு 1,90,000 யென், ஆட்கள் இருபது பேர் அளவில். ஆனா மொரிட்டா சேர ஒரு தடை இருந்தது. அவங்க குடும்பம் சாகே என்ற அரிசி மது காய்ச்சுகிற பழைய குடும்பம். மூத்த மகன் மொரிட்டாதான் பதினஞ்சாவது தலைமுறை வாரிசு. அதனால் இபுகா, தன் மாமனாரும் முன்னாள் கல்வி அமைச்சருமான தமோன் மயேதாவைக் கூட்டிக்கிட்டு, பெண் கேட்கப் போகிற மாதிரி ரயில் ஏறி ஊருக்கே போய் அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பா சம்மதிச்சார். பிறகு பணமும் கொடுத்து உதவினார். வீட்டுத் தொழில் தம்பிக்குப் போனது.

நோக்கம் எழுதியாச்சு, சம்பளத்துக்கு என்ன வழி? மரத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிச் சோறு ஆக்கும் கருவி செய்து பார்த்தாங்க. ஒண்ணு அரிசி வேகாது, இல்லைன்னா குழைஞ்சிடும். விற்கவே இல்லை. மின்சாரத்தில் சூடாகும் மெத்தை செய்து, சொந்தப் பெயரைப் போடாமல் வேற பெயரில் விற்றாங்க. அந்தக் காசுல கொஞ்ச நாள் ஓடுச்சு.

அப்புறம் டேப் ரெக்கார்டர். காந்த நாடா செய்ய ஜப்பானில் பிளாஸ்டிக் கிடையாது. காகிதத்தை நீளமா வெட்டி, வாணலியில் ரசாயனத்தை வறுத்து, அந்தப் பொடியைத் தூரிகையால் பூசினாங்க. 1950-ல கருவி தயார். ஒன்றரை லட்சம் யென்னுக்கு மேல் விலை, 35 கிலோவுக்கு மேல் எடை. பார்த்தவங்க எல்லாம் ரசிச்சாங்க, வாங்க ஆள் இல்லை.

அப்போதான் மொரிட்டா ஒரு பழம்பொருள் கடையில், டேப் ரெக்கார்டரை விட அதிக விலைக்கு ஒருத்தர் பழைய ஜாடி வாங்குவதைப் பார்த்தார். வாங்குறவருக்கு மதிப்பு தெரிஞ்சால்தான் காசு எடுப்பார் என்று அவருக்குப் புரிஞ்சது. யாருக்கு இது உண்மையிலேயே தேவை என்று தேடினாங்க. நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்களுக்குப் பஞ்சம். உச்ச நீதிமன்றம் 20 கருவிகள் வாங்கியது. பிறகு பள்ளிக்கூடங்கள்.

1955-ல இன்னொரு சோதனை. அவங்க டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அமெரிக்காவின் புலோவா கம்பெனி ஒரு லட்சம் ஆர்டர் கொடுக்க வந்தது. ஒரே நிபந்தனை: ரேடியோவில் புலோவா பெயர் இருக்கணும். ஒத்துக்கச் சொல்லி டோக்கியோவிலிருந்து தந்தி வந்தது. மொரிட்டா மறுத்துவிட்டார். நம்ம பெயரில்தான் விற்கணும் என்பது அவர் பிடிவாதம். 1958-ல கம்பெனியின் பெயரே சோனி என்று மாறியது.

இதில் நான் எடுத்துக்கிறது ரெண்டு விஷயம். பிடிச்சதைச் செய்யணும் என்ற ஆசை மட்டும் டேப் ரெக்கார்டரை விற்றுக் கொடுக்கலை, அதுக்கு வாங்குறவரின் தேவையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஆனா சோறு குழைஞ்ச நாளில் கடையை மூடாமல் இருந்ததுக்கும், ஒரு லட்சம் ஆர்டரை வேண்டாம்னு சொன்னதுக்கும் காரணம் அந்த ஆசைதான். அதனால் அடுத்த தடவை யாராவது "ஆரம்பிக்கப் போறேன்"னு சொன்னால், "என்ன ப்ராடக்ட்?" கேட்குறதுக்கு முன்னாடி "எதுக்காக?" என்று கேட்டுப் பாருங்க. பதில் ஒரு பக்கத்துக்கு எழுத முடிஞ்சால், எழுதி வைக்கச் சொல்லுங்க. மெத்தை விற்கிற காலத்தில் எடுத்துப் படிக்க உதவும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.