ஓடர் ஆற்றின் இரு கரையிலும் ஒரு பல்கலைக்கழகம்

ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் ஓடர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது ஃபிராங்க்ஃபர்ட். வங்கிகளுக்குப் பெயர்போன மைன் ஆற்று ஃபிராங்க்ஃபர்ட் வேறு. இது அதைவிட மிகச் சிறிய ஊர். 1506இல் இங்கே தொடங்கப்பட்ட வியாட்ரினாதான் பிரான்டன்பர்க் நாட்டின் முதல் பல்கலைக்கழகம். 1678இல் இரண்டு யூத இளைஞர்கள் இங்கு மருத்துவம் படிக்க அனுமதி பெற்றார்கள். அக்காலத்து ஜெர்மன் நாடுகளில் அது மிக அரிது. ஆனாலும் பட்டம் பெற அவர்கள் இத்தாலியின் பாதுவாவுக்குப் போக வேண்டியிருந்தது. 1811இல் வியாட்ரினா பிரெஸ்லாவுக்கு மாற்றப்பட, ஊர் தன் பல்கலைக்கழகத்தை இழந்தது.

1945இல் ஓடர் ஆறே நாட்டெல்லையானது. கிழக்குக் கரைப் புறநகர் போலந்துக்குப் போய் ஸ்லூபிட்சே என்ற தனி ஊராயிற்று. அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். போலந்தின் பிற பகுதிகளிலிருந்தும், சோவியத் ஒன்றியத்தோடு சேர்க்கப்பட்ட கிழக்கு நிலங்களிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினர். வீடும் தெருவும் பழையவை, அவற்றில் வாழ்ந்தவர்கள் புதியவர்கள். 1972இல் விசா இல்லாமல் எல்லையைக் கடக்க வழி பிறந்தது. போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்க எழுச்சிக்கு அஞ்சிய கிழக்கு ஜெர்மனி 1980இல் அதை மூடிவிட்டது. 1991 ஏப்ரலில் போலந்து மக்கள் மீண்டும் விசா இல்லாமல் வந்தபோது, வந்த வண்டிகள் மீது நியோநாஜிக் கும்பல்கள் கல்லெறிந்தன.

அந்தக் கல்லெறிக்கு மூன்றே மாதத்தில், 1991 ஜூலையில், வியாட்ரினா மீண்டும் நிறுவப்பட்டது. அந்த வேளையில் அதற்குத் துணிவு வேண்டியிருந்தது. தொடக்கத்திலிருந்தே போலந்து மாணவர்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். போஸ்னான் நகரின் ஆடம் மிட்ஸ்கியேவிச் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்தும் கொலேகியம் போலோனிகும் என்ற கல்வி நிலையம், ஸ்லூபிட்சேயில் இரு ஊர்களையும் இணைக்கும் பாலத்தின் முனையிலேயே எழுந்தது. வகுப்புக்குப் போவதென்றால் நாட்டெல்லையைக் கடப்பது என்றாயிற்று. 2007 டிசம்பர் வரை அந்தப் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனையும் இருந்தது.

இங்கே கற்பித்த வரலாற்றாசிரியர் கார்ல் ஷ்லோகெல், நகரங்களை ஆவணங்களில் மட்டுமன்றிக் காலால் நடந்தும் கண்ணால் பார்த்தும் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். 2001இல் மாணவர்களும் பட்டதாரிகளும் சேர்ந்து பயன்பாட்டு வரலாற்றுக்கென ஒரு கழகம் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு உள்ளூர்ப் பழமையை ஆராய்வது அதன் பணி. பட்டத்துக்காக எழுதி அலமாரியில் தூங்கும் ஆய்வேடுகளைவிட இத்தகைய உழைப்பு எத்தனையோ மடங்கு மேலானது.

இந்தக் கல்விக்கு மிகக் கடுமையான பாடமாக அமைந்தது ஸ்லூபிட்சேயின் யூத இடுகாடு. 1399ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அது குறிக்கப்படுகிறது. 1792இல் மறைந்த அறிஞர் யோசேஃப் தெயோமிம் அடக்கமான இடமும் அதுவே. நாஜி ஆட்சி யூதர்களை அழித்தது, போர் ஊரைச் சிதைத்தது. இவற்றையெல்லாம் தாண்டி நின்ற கல்லறைகளை 1970களில் போலந்து அதிகாரிகள் அகற்றினர். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் உணவு விடுதி கட்டப்பட்டது. இதில் ஜெர்மானியர், போலந்துக்காரர் என இரு தரப்பும் ஏற்க வேண்டிய பொறுப்பு உண்டு. ஒரு கரையில் மட்டும் நின்று இதை எழுதிவிட முடியாது. 1945க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் உள்ளன, பிந்தையவை போலிஷ் மொழியில். அதனால் இரு மொழி அறிந்தவர்கள் கூடி உழைக்க வேண்டியிருந்தது. இடுகாட்டின் வரலாறு 2012இல் இரு மொழிகளிலும் ஒரே நூலாக வெளிவந்தது.