எட்டு எழுத்துக்குள் அடங்கிய பெயர்கள்: கோப்புப் பெயரிடலின் சிறு வரலாறு



உங்கள் கணினியில் பதிவிறக்கங்கள் சேரும் கோப்புறையை ஒரு தடவை திறந்து பாருங்க. ‘பயிற்சி1’, ‘புதியது’, ‘புதியது-கடைசி’, ‘ஸ்கேன்0007’ என்றுதானே இருக்கும்? இதில் எது ஆண்டு 5 கருத்துணர்தல், எது படிவம் 5 இலக்கியம்? திறந்தால்தான் தெரியும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1970-களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு கோப்பின் வகையைக் காட்ட மூன்று எழுத்து. 1981-இல் ஐபிஎம் கணினியோடு வந்த டாஸ் இயங்குதளமும் இதே விதியைப் பின்பற்றியது. அதனால் எல்லாரும் பெயரைக் குறுக்கினார்கள். 1995-இல் வந்த விண்டோஸ் 95, பெயருக்கு 255 எழுத்து வரை இடம் கொடுத்தது. கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அது பரவலாகும்வரை எழுத்துருக்கு எழுத்துரு குறியீடு மாறியது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கி வைப்பதே பத்திரம் என்று நாம் பழகிவிட்டோம்.

இதனால் யாருக்கு நட்டம்? கண்ணால் பார்ப்பவர் திறந்து பார்த்து மூடிவிடலாம். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான்தான் வழி. 1989-இல் டாஸுக்காக ஜாஸ் வந்தது. 2006-இல் என்விடிஏ என்ற இலவச மென்பொருளும் தொடங்கியது. இவை கோப்பின் பெயரைக் குரலாக்கும். ‘ஸ்கேன்0007’ என்று கேட்டால் அந்த மாணவருக்கு என்ன புரியும்? தேர்வுக்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு கோப்பையும் திறந்து கேட்க அவருக்கு நேரம் இருக்குமா?

வலைத்தள அணுகல் வழிகாட்டியின் முதல் பதிப்பு 1999-இல் வெளியானது. ஓர் இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று அது அப்போதே சொன்னது. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பும் அதை அடிப்படைத் தேவைகளில் ஒன்றாக வைத்தது. ‘இங்கே அழுத்தவும்’ என்று பத்து இணைப்புகள் இருந்தால், கேட்பவருக்குப் பத்தும் ஒன்றுதான். இணைப்பைச் சரியாக எழுதினாலும் வேலை முடியவில்லை. பதிவிறக்கிய பிறகு அந்த வாசகம் கூட வராது; கோப்பின் பெயர் மட்டும்தான் மாணவர் கையில் மிஞ்சும்.

ஆகவே பாடம், ஆண்டு அல்லது படிவம், வகை, வருடம் என்ற வரிசையில் பெயரிடுங்கள். உதாரணமாக, ‘தமிழ்மொழி-படிவம்5-தாள்2-மாதிரி-2024’. சொற்களுக்கு இடையே வெற்றிடம் விடாமல் சிறுகோடு போடுங்கள். அடிக்கோடு போட்டால் இணைப்பின் கோட்டுக்குள் மறைந்துவிடும். கோப்பின் வகையையும் அளவையும் இணைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்று கவனிங்க: வலை முகவரியில் தமிழ் எழுத்துகள் குறியீடாக மாறும்போது ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். முகவரியை அனுப்பும்போது அது சிக்கலானால், கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஆனால் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். இணைப்பின் வாசகம் தமிழிலேயே இருக்கட்டும்.

அடுத்த பயிற்றியை ஏற்றுவதற்கு முன், அதன் பெயரை மட்டும் பக்கத்தில் இருக்கும் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுங்க. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பெயர் போதும்.